நாணுக்குக் கீழே வைத்த புள்ளி

நாங்கள் தனிவகுப்புக்குப் போகும் ரியூட்டரியின் வாசலில், ஒழுங்கையைப் பார்த்தபடி, ஒரு சின்னக் கரும்பலகை தொங்கியது. மாதம் ஒருமுறை கணிதத்தில் சோதனை வைத்து, முதல் மூன்று பிள்ளைகளின் பெயரை அதில் வெண்கட்டியால் எழுதிவிடுவார்கள். அடுத்த சோதனை வரைக்கும் அந்தப் பெயர்கள் அங்கேயே கிடக்கும். சண்டையால் ரயில் ஓடாமல் விட்டு, தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கர்க் குழி மூடப் போய்விட்ட காலம் அது. கொக்குவிலில் சைக்கிள் வைத்திருந்த பாதிப் பேர் அந்த ஒழுங்கையால்தான் போய் வந்தார்கள். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு தொடங்கி ஐந்து மாதம் அந்தப் பலகையின் முதல் வரி என்னுடையது.

அப்பா கந்தோர் வேலை முடிந்து வரும்போது நேர்வழியை விட்டு அந்த ஒழுங்கையால் சுற்றி வருவார். பலகைக்கு முன்னால் இறங்கி, சைக்கிள் செயின் கழன்றதுபோலக் குனிந்து பார்த்துவிட்டு, நிமிரும்போது பெயரை வாசிப்பார். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் அன்றைக்குத் தேத்தண்ணீரை ஆறுதலாக ஊதி ஊதிக் குடிப்பார். அதைப் பார்த்தாலே எனக்கு வயிறு நிறைந்துவிடும். பதினாறு வயதுப் பெண்பிள்ளையான எனக்கு அப்போது உலகத்தில் வேண்டியிருந்தது அந்த முதல் வரி ஒன்றுதான். இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

எப்படி முதலாவதாக வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாடமாக்கித்தான். சின்ன வயதில் தேவாரப் போட்டிக்கு அம்மா எப்படி மனப்பாடம் செய்வித்தாரோ, அப்படியே கேத்திரகணிதத் தேற்றங்களையும் நானாக மனப்பாடம் செய்தேன். தரவு, நிறுவவேண்டியது, அமைப்பு, நிறுவல் என்று நான்கு தலைப்பு. முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் போவேன். மாஸ்டர் தந்த ரோனியோ நோட்டில் வட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். ஏபீ என்கிற நாண் கீழே படுத்திருக்கும். சீ மேலே இடப்பக்கம், டீ மேலே வலப்பக்கம். ஒரே துண்டத்திலுள்ள கோணங்கள் சமன். ஆகவே சீயில் உள்ள கோணமும் டீயில் உள்ள கோணமும் சமன். ஏன் சமன் என்று என்னைக் கேட்டிருந்தால், நோட்டில் அப்படித்தான் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

"படத்தைத் திருப்பிக் கீறாதேங்கோ. எழுத்து மாறினா நிறுவல் முழுக்க மாறும், பிறகு தடுமாறுவியள்" என்று மாஸ்டரே சொல்லியிருந்தார். அவரும் பாவம், கடதாசி கிடைக்காத காலத்தில் ஒரே ஸ்டென்சிலை எத்தனை வருடம் இழுப்பார். அதனால் நாண் என்றால் வட்டத்தின் அடியில்தான் படுத்திருக்கும் என்று நாற்பது பிள்ளைகளும் நம்பியிருந்தோம்.

ஜூன் மாதம் அவள் வந்தாள். குருநகர்ப் பிள்ளை. கடற்கரைப் பக்கம் ஷெல் விழுந்து வீட்டுக் கூரை போனபிறகு, அந்தக் குடும்பம் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டின் விறாந்தையில் வந்து தங்கியிருந்தது. தகப்பனுக்குக் கடலுக்குப் போக வழியில்லை. சந்தையில் மூட்டை தூக்கினார். அவளிடம் இரண்டு சட்டை இருந்தது. புத்தகம், கொப்பி எதுவும் இல்லை. மாஸ்டர் ஒரு கேள்வியும் கேட்காமல் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். பின் வரிசை வாங்கில் இடம் ஒதுக்கிக் கொடுத்தோம். என்னிடம் இரண்டு பென்சில் இருந்தது. புதியதை அவளுக்குக் கொடுத்தேன். அன்றைக்கு நான் எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தேன் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அடுத்த கிழமையே அது முடிந்துபோனது. வகுப்புக் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் கறுப்பு உரிந்து வெண்கட்டி பிடிக்காமல் போனதால், மாஸ்டர் அன்று நாணைப் பக்கவாட்டில் நிமிர்த்திக் கீறினார். வட்டத்தில் நாணுக்கு ஒரே பக்கத்தில் சீ, டீ என்ற புள்ளிகளோடு புதிதாக ஈ என்று ஒன்றையும் வைத்தார். மூன்று கோணத்துக்கும் என்ன தொடர்பு என்று என்னை எழுப்பிக் கேட்டார்.

"சேர், உந்தப் படம் நோட்டிலை இல்லை" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் அது சரியான பதிலாகத்தான் பட்டது. அப்போது பின் வாங்கிலிருந்து அவளுடைய குரல் கேட்டது.

"சேர், மூண்டு கோணமும் ஒரே வில்லைத்தான் பாக்குது. அப்ப மூண்டும் ஒண்டுதானே."

மாஸ்டர் அவளை முன்னுக்குக் கூப்பிட்டார். அவள் வெண்கட்டியைக் கூட எடுக்கவில்லை. சீயில் விரலை வைத்து, பரிதி வழியே டீக்கும் ஈக்கும் நகர்த்திக்கொண்டு போனாள். "இதிலை நிண்டு பாத்தாலும் உந்த வில்லுத்தான். இங்காலை வந்தாலும் அதே வில்லுத்தான். மையத்திலை போய் நிண்டா மட்டும் இரண்டு மடங்காத் தெரியும். கிட்ட வந்திட்டமெல்லோ."

மாஸ்டர் சத்தமாகச் சிரித்தார். "ஓம் பிள்ளை, கோணம் பாக்குது" என்றார். அதன் பிறகு அந்த வகுப்பில் எல்லாக் கோணங்களும் எதையாவது பார்க்கத் தொடங்கின. 'இந்தக் கோணம் எந்த வில்லைப் பாக்குது?' என்று மாஸ்டர் கேட்பார், பின் வாங்கைப் பார்ப்பார். ஐந்து மாதம் அவர் என்னைத்தான் பார்த்திருந்தார்.

ஒழுங்கையால் சேர்ந்து நடந்து வரும்போது, அதை எங்கே படித்தாள் என்று அவளிடம் கேட்டேன். சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

"படிக்கேல்லை" என்றாள். "எங்கடை கோயில் வளவிலை கூத்துப் போடேக்கை இடம் பிடிக்க ஓடுவம். நேர் முன்னாலை இருக்கிற ஆக்கள் கொஞ்சம் தள்ளி இருக்கலாம். கரையிலை இருக்கிற ஆக்கள் மேடைக்குக் கிட்ட வருவினம், அப்பதான் மேடை அவைக்கும் அதே அகலத்துக்குத் தெரியும். கடைசியிலை பாத்தா சனம் எல்லாம் வளைஞ்சு இருக்கும். ஒருத்தரும் சொல்லி இருக்கிறேல்லை."

அடுத்த திருவிழாவில் எங்கள் கோயில் மேளக் கச்சேரிக்குச் சனம் எப்படி இருக்கிறது என்று நானும் போய்ப் பார்த்தேன். தூண் மறைக்காத இடத்தில் இருந்தார்கள். வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

அந்த மாதச் சோதனையில் பலகையின் முதல் வரி அவளுடையது. எனக்கு இரண்டாவது. அப்பா இறங்கி, செயினைப் பார்த்து, நிமிர்ந்து வாசித்தார் என்பது எனக்குத் தெரியும். ரியூட்டரியின் அரைச்சுவருக்கு மேலால் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வீட்டுக்கு வந்து, "ஆரது, புதுப் பேரொண்டு?" என்று மட்டும் கேட்டார். தேத்தண்ணீரை நின்ற நிலையில் குடித்து முடித்தார்.

எனக்கு வந்தது பொறாமை. அதற்கு வேறு பெயர் தேடி நான் நிறைய வருடம் வீணாக்கியிருக்கிறேன். அவளுடைய நெற்றி, நடந்தால் சத்தம் கேட்காத அவளுடைய ரப்பர் செருப்பு, ஒன்றைப் புரிந்துகொண்டதும் உதட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் பழக்கம், எல்லாம் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் பணக்கார வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் வாய்விட்டுத் திட்டியாவது ஆறியிருப்பேன். வீடு இழந்து வந்த பிள்ளையை என்னவென்று திட்டுவது? ஊரே அவளைப் பார்த்து இரக்கப்பட்டது. இரக்கப்படவேண்டிய ஆளைப் பார்த்துப் பொறாமைப்படுவது எவ்வளவு கேவலம் என்று தெரிந்துகொண்டே பொறாமைப்பட்டேன். அம்மா புட்டும் மீன் குழம்பும் வைத்து என்னிடமே கொடுத்து அனுப்புவார். கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, "வடிவாச் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு, மனதுக்குள் பொருமிக்கொண்டு வருவேன்.

ஜூலைச் சோதனைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அம்மா சொன்னார்: "அந்தப் பிள்ளை வட்டத்து நோட்டு முழுக்க வேணுமெண்டு கேட்டவள். முதல் நடத்தினது ஒண்டும் அவளிட்டை இல்லையாம். உன்ரை எழுத்து வடிவெல்லோ, நீயே எழுதிக் குடு. பாவம், ஒண்டுமில்லாமல் வந்ததுகள்."

கொப்பிக்குத் தட்டுப்பாடு. பழைய நாட்காட்டியின் தாள்களைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதினேன். மொத்தம் ஏழு தாள். முதல் நான்கையும் ஒழுங்காகத்தான் எழுதினேன். ஐந்தாவது தாளில் ஒரே துண்டத்துக் கோணங்கள். கவராயத்தால் வட்டத்தைக் கீறி, நாணைக் கீழே படுக்கவைத்து, சீயை மேலே இடப்பக்கம் வைத்தேன். டீக்கு வந்தபோது பென்சில் நின்றது. பிறகு அதை நாணுக்குக் கீழே, வட்டத்தின் அடிப்பக்கத்தில் வைத்தேன். மேலே இருக்கவேண்டிய புள்ளி கீழே. நான் செய்தது அவ்வளவுதான். மிச்சச் சொற்கள் எல்லாம் நோட்டில் இருந்தபடியே எழுதினேன். 'ஆகவே சீயில் உள்ள கோணம் சமன் டீயில் உள்ள கோணம்' என்ற வரியைச் சிவப்புப் பேனையால் இரண்டு கோடு போட்டு முக்கியப்படுத்தினேன்.

அவள் இதை அப்படியே சோதனையில் எழுதுவாள், விடைக்குப் புள்ளி குறையும், பலகையின் முதல் வரி எனக்குத் திரும்பி வரும். என் கணக்கு அப்படி. கை நடுங்கியது, மனம் உறுத்தியது என்றெல்லாம் எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. எழுதி முடித்துவிட்டு இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை காலை, கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஐந்தாவது தாளைக் கையில் பிடித்துக்கொண்டு படலையைத் திறந்து வந்தாள்.

"உதிலை ஒரு சின்னப் பிழை இருக்குது. குறை நினையாதேயும்" என்றாள்.

"எங்கை?" என்றேன். கையிலிருந்த சட்டையை இன்னொருமுறை பிழிந்தேன்.

"இருந்து கீறினா விளங்காது. எழும்பும்."

கிணற்றுக் கயிற்றின் ஒரு நுனியை ஈர மண்ணில் ஒரு தடியோடு கட்டி, மற்ற நுனியில் இன்னொரு தடியைப் பிடித்துச் சுற்றி வந்து, வளவில் பெரிய வட்டம் கீறினாள். அதன் விளிம்பு ஒரு பக்கம் தோய்க்கிற கல்லையும் இன்னொரு பக்கம் தேசி மரத்தையும் தொட்டது. "கல்லு ஏ, தேசி பீ. இப்ப நீர் சீ. இதிலை வந்து நில்லும்" என்று என்னைத் தோளில் பிடித்து வட்டத்தின் தூரத்து விளிம்பில் நிறுத்தினாள். "ஒரு கையைக் கல்லுக்கு நீட்டும். மற்றக் கையைத் தேசிக்கு நீட்டும். ரெண்டு கைக்கும் இடையிலை இருக்கிறதுதான் கோணம். இப்ப கோட்டிலையே நடவும். கை ரெண்டும் கல்லையும் தேசியையும் விடப்படாது."

நடந்தேன். வலப்பக்கம் போனபோது உடம்பு திரும்பியது, கைகளும் சேர்ந்து திரும்பின. ஆனால் இரண்டு கைக்கும் இடையிலிருந்த விரிவு மாறவில்லை. இன்னும் நாலடி நடந்தேன். மாறவில்லை. இரண்டு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவித்த வரி என் தோள்மூட்டில் இருந்தது.

"இப்ப நாணைத் தாண்டி இங்காலை வாரும்" என்றாள். கல்லுக்கும் தேசிக்கும் நடுவால் அந்தப் பக்கம் போய் வட்டத்தின் மேல் நின்றேன். கல்லும் மரமும் இப்போது எனக்குக் கிட்டத்தட்ட இரண்டு பக்கத்திலும் இருந்தன. கைகளை அகல விரிக்கவேண்டி வந்தது.

"அங்காலை நிக்கேக்கை சின்ன வில்லைப் பாத்தீர். இங்காலை நிக்கேக்கை பெரிய வில்லைப் பாக்கிறீர். ரெண்டு வில்லும் சேர்ந்தா முழு வட்டம், முந்நூற்றறுபது. கோணம் எப்பவும் தான் பாக்கிற வில்லின்ரை அரைவாசியெல்லோ. அப்ப ரெண்டு கோணமும் சேர்ந்தா நூற்றெண்பது. சமன் இல்லை. ஏழாவது தாளிலை வட்ட நாற்பக்கல் எண்டு நீரே எழுதியிருக்கிறீர், எதிர்க்கோணங்கள் சேர்ந்தா நூற்றெண்பது எண்டு. அதுதான் இது."

ஏழாவது தாளும் ஐந்தாவது தாளும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கம் என்பது எனக்கு அந்த நிமிடம் வரைக்கும் தெரியாது. இரண்டையும் தனித்தனியே பாடமாக்கியிருந்தேன். கையை விரித்தபடி அங்கேயே நின்றேன். சந்தோஷம் வந்தது. சந்தோஷத்தோடு ஆத்திரமும் வந்தது, அதை எனக்குத் தந்தது இவளாகவா இருக்கவேண்டும் என்று.

"என்னடி, ரெண்டு பேரும் பறக்கப் போறியளோ?" என்று அம்மா குசினி யன்னலால் கேட்டார்.

"நான் கவனிக்காமல் எழுதிப்போட்டன்" என்று அவளிடம் சொன்னேன். அவள் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, "ஓம், அவசரத்திலை வாறதுதான்" என்றாள்.

ஜூலைச் சோதனையில் மாஸ்டர் கேட்டது அதைத்தான். வட்டத்தில் ஒரு புள்ளி மேலே, ஒன்று கீழே, நாண் சரிந்து கிடந்தது. நோட்டில் இல்லாத படம். மேசைக்குக் கீழே இரண்டு கையையும் கொஞ்சமாக விரித்துப் பார்த்துவிட்டு எழுதினேன். வாழ்க்கையில் முதல்முறையாகப் பாடமாக்காமல் ஒரு நிறுவல் எழுதினேன்.

முதல் வரி எனக்குத் திரும்பி வந்தது. இரண்டு புள்ளி வித்தியாசத்தில் அவள் இரண்டாவது. தரவு, நிறுவவேண்டியது என்று தலைப்புப் போடாமல் அவள் நேரே விடைக்குப் போய்விட்டாள். மாஸ்டருக்கு அது ஆகாது. தலைப்புப் போடுவதில் என்னை வெல்ல யாழ்ப்பாணத்தில் ஆள் இல்லை. அப்பா தேத்தண்ணீரை ஊதி ஊதிக் குடித்தார். நானும் சந்தோஷப்பட்டேன். இரண்டு நாள் முழுதாகச் சந்தோஷப்பட்டேன், அதை மறைக்கவில்லை. மூன்றாம் நாள்தான் உறுத்தத் தொடங்கியது. பலகையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கைகளை விரித்துக்கொண்டு தேசி மரத்தடியில் நின்றதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

செப்டெம்பரில் அவளுடைய குடும்பத்துக்குச் சாவகச்சேரிப் பக்கம் சொந்தக்காரர் வளவில் ஒரு கொட்டில் கிடைத்தது. புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்தாள். நான் ஜூன் மாதம் கொடுத்த பென்சிலைத் திருப்பித் தந்தாள். அது சுண்டுவிரல் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிடவேண்டும் என்று வந்துவிட்டது.

"அந்த ஐஞ்சாவது தாள்" என்றேன். "அது அவசரத்திலை வந்த பிழையில்லை."

"தெரியும்" என்றாள்.

கையிலிருந்த பென்சில் துண்டை உருட்டினேன்.

"நீர் எழுதித் தாறதுக்கு முதல் நாள், நீர் சங்கக்கடை வரிசையிலை நிக்கேக்கை நான் இஞ்சை வந்தனான். உம்மடை அம்மா நோட்டை எடுத்துக் காட்டினவா. முழுக்க வாசிச்சனான். அதிலை படம் சரியாத்தான் கிடந்தது."

"அப்ப ஏன் எனக்குச் சொல்லித் தந்தனீர்?"

என்னைக் குத்தவேண்டும் என்று அவள் நினைத்ததாகத் தெரியவில்லை. ஒரு கணக்கை விளங்கப்படுத்தும் முகம்தான் இருந்தது.

"முதல் கோவம்தான் வந்தது. பிறகு அந்தப் படத்தைப் பாத்தன். சீ கூர்ங்கோணம், டீ விரிகோணம். பாத்தாலே தெரியுது. அதுக்குக் கீழை ரெண்டும் சமன் எண்டு எழுதி, சிவப்பாலை கோடும் போட்டிருக்கிறீர். விளங்கின ஆள் ஆரையும் ஏமாத்த நினைச்சா, நாணை மையத்துக்குக் கிட்டக் கீறியிருக்கும். அப்ப ரெண்டும் தொண்ணூறு மாதிரித் தெரியும், ஒருத்தருக்கும் பிடிபடாது. உமக்கு உது விளங்கேல்லை எண்டு அப்பதான் எனக்குத் தெரிஞ்சது. சோதினைக்கு இவ்வளவு பாடமாக்கிப்போட்டு விளங்காமல் போய் இருக்கப்போறீர் எண்டு பாவமாப் போச்சுது."

அம்மா உள்ளே இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் உள்ளே போய்க் குடித்தாள், அம்மாவிடம் சொல்லிக்கொண்டாள், படலையைச் சாத்திவிட்டுப் போனாள். அதன் பிறகு அவளை நான் காணவில்லை.

அடுத்த மாதமும் பலகையில் முதல் வரி என்னுடையது. அதற்கடுத்த மாதமும். போட்டிக்கு ஆள் இல்லை. அப்பா இறங்கி இறங்கி வாசித்தார். இன்றைக்கு நான் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன், வட்டம் வந்தால் கையை விரித்து நடக்கவிடுகிறேன், கோணம் எந்த வில்லைப் பார்க்கிறது என்று கேட்கிறேன். பிள்ளைகள் அது என்னுடைய முறை என்று நினைக்கிறார்கள். நான் திருத்துவதில்லை. அவள்மீது பொறாமை எனக்கு இன்னும் இருக்கிறது.

அவள் சொல்லிவிட்டுப் போன அன்று இரவே, இன்னொரு நாட்காட்டித் தாளை எடுத்து அந்தப் பிழைப் படத்தைத் திரும்பக் கீறிப் பார்த்தேன். சீயை மேலே வைத்தேன், டீயைக் கீழே வைத்தேன். ஒன்று ஒடுங்கி இருந்தது, மற்றது வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. எழுத்து வாசிக்கத் தெரியாத ஆளும் இரண்டும் சமன் இல்லை என்று சொல்லியிருக்கும். எங்கள் வகுப்பின் முதலாம் பிள்ளை மட்டும் அதைப் பார்க்கவில்லை.